கதவுக்குப் பின்னால் அண்ணன்

அந்த நாடகத்தில் எனக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. எழுதியவனே நான்தான். மற்ற இரண்டு பேருக்கும் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டு எனக்கென்று வைத்துக்கொண்டது ஏழு இருமலும் ஒரு தும்மலும். அதையும் ஜனங்கள் முன்னால் நின்று செய்ய வேண்டியதில்லை. மேடையின் பின்பக்கம் ஒரு மூடிய கதவு, அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாடகம் நடக்கிற ஒன்றேகால் மணி நேரமும் நான் அதில் உட்கார்ந்திருப்பேன். கூச்சப்படுகிறவன் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் வேடம் வேறு எப்படி இருக்கும்?

கதை இதுதான். கதவுக்குப் பின்னால் இருப்பவர் ஒரு பெரிய சினிமா நட்சத்திரம். எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'. படத்துக்குப் படம் விவசாயிக்காகக் கண்ணீர் விடுகிறவர். படப்பிடிப்புக்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் வந்த இடத்தில், சாலையில் காயப்போட்டிருந்த நெல்லின் மேல் காரை ஏற்றிவிடுகிறார். காலால் நெல்லைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஏதோ கேட்கிறாள். அண்ணன் கண்ணாடியை இறக்கி, "ரோடு என்ன உங்கப்பன் வீட்டுக் களமா?" என்று கத்துகிறார். யாரோ அதைச் செல்போனில் எடுத்துவிட, மறுநாளே ஊர் உலகமெல்லாம் பார்த்துவிடுகிறது. அண்ணன் ஓட்டல் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். வெளியே வரமாட்டேன் என்கிறார். கதவுக்கு இந்தப் பக்கம் அவருடைய பி.ஆர்.ஓ. இரண்டு பேர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அந்த முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பாடுபடுகிறார்கள். அவ்வளவுதான் நாடகம்.

காரை ஓட்டியது டூப் என்று சொல்லிவிடலாமா என்பார் ஆண் பி.ஆர்.ஓ. திட்டியதுகூடவா டூப் என்று கேட்பாள் பெண் பி.ஆர்.ஓ. நெல்லுக்கு உமி சீக்கிரம் கழலட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அண்ணன் சக்கரத்தை ஏற்றினார் என்று ஓர் அறிக்கை தயாராகும். அண்ணன் அந்த அம்மாள் வீட்டில் பழைய சோறு சாப்பிடுவதுபோல ஒரு புகைப்படம் எடுக்கத் திட்டம் போடுவார்கள். ஒவ்வொரு யோசனைக்கும் பெண் பி.ஆர்.ஓ. கதவருகே போய், கையில் இருக்கும் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டி, "அண்ணே, இது சரியா வருமாண்ணே?" என்று கேட்பாள். உள்ளேயிருந்து நான் இருமுவேன். அந்த இருமலுக்கு அர்த்தம் சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று இருவரும் அடித்துக்கொள்வார்கள். ஜனங்கள் சிரிப்பது அங்கேதான்.

ஆண் பி.ஆர்.ஓ.வாக நடித்தவன் என் கல்லூரித் தோழன். பூதலூருக்குப் பக்கத்தில் அவன் குடும்பத்துக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. ஓடி நின்றுபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நெல் அவிக்கிற தொட்டிகளில் பூனை குட்டி போட்டிருந்தது. அங்கேதான் எங்கள் ஒத்திகை. நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் நூலகராக இருந்தேன், இன்னும் இருக்கிறேன். சனி, ஞாயிறு மாலைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய்விடுவேன்.

பெண் பி.ஆர்.ஓ.வுக்கு ஆள் கிடைக்காமல் இரண்டு மாதம் அலைந்தோம். ஒருநாள் என் தோழனின் வயலில் இலைச்சுருட்டுப் புழுவைப் பார்க்க வேளாண்மை உதவி அலுவலர் வந்தாள். வரப்பில் அவளைச் சுற்றி ஏழெட்டு விவசாயிகள் நின்றுகொண்டு, யூரியா எங்கே, விதை எங்கே என்று சண்டை பிடித்தார்கள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "இல்லைன்னு நான் சொல்லவே இல்லைங்களே. வந்துக்கிட்டே இருக்குன்னுதான் சொல்றேன்" என்றாள். சண்டை பிடித்தவர்களே சிரித்துவிட்டார்கள். நானும் தோழனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நாடகத்தில் நடிக்க வருவீர்களா என்று கேட்டதற்கு, "கவர்மெண்டுக்கு அஞ்சு வருசமா பி.ஆர்.ஓ. வேலைதாங்க பாக்கறேன். ஒரு நடிகருக்குப் பாத்தா என்ன குறைஞ்சிடும்?" என்றாள்.

பேச்சில் கடைசிவரை நாங்கள் இருவரும் 'நீங்க'தான். எழுத்தில் மட்டும் 'அவள்' என்கிறேன். படித்தால் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன்.

முதல் சில வாரங்கள் ஒரு தகரத் தடுப்பைக் கதவாக வைத்துக்கொண்டோம். தட்டினால் அது கடகடவென்று ஆடியது. அந்தச் சமயத்தில் எங்கள் கிராமத்து வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார் அப்பா. நான் சின்னப் பையனாக இருந்தபோதே நாங்கள் தஞ்சாவூருக்குக் குடிவந்துவிட்டோம். அப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போய்விட்டது. வீடு மட்டும் மிச்சம். அதன் வாசல் நிலைக்கதவு பலா மரம், இரட்டைக் கதவு, இரண்டு பக்கமும் பித்தளைக் குமிழ்கள். அப்பா புதுக் கதவுக்குச் சொல்லிவிட்டதால் பழையது கொட்டகையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதை நிலையோடு மினி வேனில் ஏற்றி மில்லுக்குக் கொண்டு வந்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட பெருமை எனக்கு.

அன்று மாலை அவள் வந்தாள். நேராகக் கதவருகே போனாள். ஒரு குமிழைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது உங்க வீட்டுக் கதவா?"

"ஆமா. ஏன்?"

அவள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு. இப்போது அவள் அப்பா சொந்தமாக மூன்று மா, ஏறக்குறைய ஓர் ஏக்கர், நிலம் பயிர் செய்கிறார். அதற்கு முன்னால் எங்கள் பண்ணையில் வேலை பார்த்தவர். ஊரை விட்டு வந்தவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

"இந்தக் குமிழை ஒவ்வொரு அமாவாசைக்கும் எங்கப்பாதான் புளி போட்டுத் தேய்ப்பார். வெளிப்பக்கம் மட்டும்," என்றாள். "உள்பக்கம் குமிழ் இருக்கா இல்லையான்னுகூட அவருக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு நிலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். என் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்த பக்கம்.

"இருக்கு," என்று அங்கிருந்து குரல் வந்தது. "உள்ளயும் இருக்கு. சரி, ஆரம்பிக்கலாங்களா?"

கதவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடவா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல கதவுங்க. தட்டுனா சத்தம் நல்லா வருது. எதுக்கு அனுப்பணும்?" என்றாள். பேனாவால் தட்டிப் பார்த்தாள். உண்மையாகவே நல்ல சத்தம்.

இரட்டைக் கதவுக்கு நடுவில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருந்தது. வெயிலில் மரம் வளைந்திருக்க வேண்டும். அதன் வழியாகத்தான் நான் அவளைப் பார்த்தேன். முழுதாகப் பார்க்க முடியாது. ஒரு முழங்கை தெரியும், கோப்பைப் பிடித்த விரல்கள் தெரியும், கொண்டையில் செருகிய இன்னொரு பேனா தெரியும். அவள் கதவருகே வந்து குனிந்து "அண்ணே" என்று கூப்பிடும்போது அவள் மூச்சு கேட்கும். எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு அங்குலப் பலகை. நான் இரும வேண்டிய இடத்தை எத்தனையோ தடவை தவறவிட்டேன். தோழன் தலையில் அடித்துக்கொள்வான். "இருமறதுக்குக்கூடவாடா ஒனக்கு ரிகர்சல்?" என்பான்.

ஒத்திகை முடிந்ததும் இரண்டு ஸ்கூட்டர்களும் கல்லணைக் கால்வாயான புது ஆற்றின் கரையோடு கொஞ்ச தூரம் ஒன்றாகப் போகும். தண்ணீர் நிறுத்திவிட்டிருந்த காலம் அது. ஆறு மணலாகக் கிடந்தது. ஒரு பாலத்தடியில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். நாடகத்தைப் பற்றித்தான் ஆரம்பிப்போம். அண்ணன் ஏன் கடைசிவரை வெளியே வருவதில்லை என்று அவள் கேட்பாள். வந்துவிட்டால் நகைச்சுவை போய்விடும் என்பேன். "அவருக்காக இவங்க எம்புட்டு நேரம் கத்துவாங்க பாவம்?" என்பாள். பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். அவள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ள மாட்டாள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்போது அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் வண்டியின் வேகம் தானாகக் குறைகிறது.

அந்தப் பாலத்தடியில்தான் கேட்டேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா என்று. என் வாழ்க்கையில் தயங்காமல் சொன்ன ஒரே வசனம் அதுதான். அவள் மணலில் குச்சியால் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சம்மதம்தாங்க," என்றாள் கடைசியில். "ஆனா உங்க வீட்ல நீங்க சொல்லணும். தனியா, மெதுவா, சமயம் பாத்தெல்லாம் வேண்டாம். நாலு பேர் இருக்கற எடத்துல, நான் பக்கத்துல நிக்கும்போது சொல்லுங்க. இன்னார் மகள், இன்ன ஊர்னு சொல்லுங்க. அவங்க கத்தட்டும், அழட்டும், அது அப்பறம். நீங்க சொன்னீங்கன்னா போதும். வேற எதுவும் நான் கேக்கலை."

சொல்கிறேன் என்றேன். நாடகத்துக்கு அப்பா அம்மா வருவார்கள், முடிந்ததும் மேடையிலேயே உங்களைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன் என்றேன். இவ்வளவு வீரமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவள் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தாள். போகும்போது என் ஸ்கூட்டர் கைப்பிடியில் இரண்டு தட்டுத் தட்டினாள், கதவைத் தட்டுவதுபோல.

உளுந்து எடுத்து முடிந்திருந்த பங்குனி மாதம். பூதலூருக்கு அடுத்த ஒரு கிராமத்துக் கலையரங்கத்தில் நாடகம். சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பம். நாலரைக்கே ஜனங்கள் வந்து மண்ணில் துண்டு விரித்து இடம் பிடித்துவிட்டார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. விளம்பர ஆட்டோவில் சொல்லச் சொன்னது, 'அண்ணன் வருவாரா? வந்து பாருங்கள்' என்று. ஆட்டோக்காரர் ஒரே மூச்சில், "அண்ணன் வருகிறார், வந்து பாருங்கள்" என்று நான்கு ஊர்களுக்கும் அலறிவிட்டுப் போயிருக்கிறார். ஏதோ நிஜ நடிகர் வரப்போகிறார் என்று ஊரே நம்பிவிட்டது. ஊராட்சித் தலைவர் அவசரமாகப் பொன்னாடை வாங்க ஆள் அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் மேடை என்று ஒன்று இருந்தால் பொன்னாடை போர்த்தாமல் யாரையும் இறக்க மாட்டார்கள்.

அப்பாவும் அம்மாவும் ஐந்தரைக்கு வந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு மேடையின் பக்கவாட்டில் வந்தேன். கதவைப் பார்த்ததும் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம கதவு!" என்று அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார். மேடையில் அவள் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "மேடம், நுண்ணூட்ட உரம் வந்துடுச்சுங்களா?" என்று கேட்டார். "வந்துக்கிட்டே இருக்குங்க ஐயா," என்றாள். கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவருக்கு அவளைப் பிடித்துப்போனது அவர் முகத்திலேயே தெரிந்தது. இதையும் சொல்லியாக வேண்டும்.

அவள் கோப்பை எடுத்துக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் போனாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"கெட்டிக்காரப் பொண்ணா இருக்காளே. யாருடா?"

"அக்ரி ஆபீஸ்ல இருக்காங்கப்பா."

"எந்த ஊரு?"

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி உண்டு. எந்த ஊர் என்று கேட்டவர்கள் அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார்கள். அதற்கடுத்து எதையும் கேட்கத் தேவையிருக்காது. நம்ம ஊர்தான்பா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இன்னாருடைய மகள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அப்பாவுக்கு அவள் அப்பாவைப் பெயர் சொல்லித் தெரியும். சொல்லப்போவதாக வாக்குக் கொடுத்தவன் நான். இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று நினைத்தேனா, அம்மா முகத்தைப் பார்த்துப் பயந்தேனா, இப்போது என்ன சாக்குச் சொன்னாலும் அது சாக்குத்தான்.

"இந்தப் பக்கம்தான்பா எங்கயோ. எனக்குத் தெரியலை," என்றேன்.

படுதா மெல்லிய துணி. அதற்குப் பின்னால் ஒரு கோப்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவர்கள் இருவரையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் போனபோது அவள் காகிதங்களைப் பொறுக்கி முடித்திருந்தாள். "டைம் ஆச்சுங்க. உள்ள போய் உக்காருங்க," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போய்க் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன்.

நாடகம் அமோகமாகப் போயிற்று. சாலையில் நெல் காயப்போடாத ஆளே அந்தக் கூட்டத்தில் கிடையாது. அண்ணன் திட்டிய வசனத்தைத் தோழன் சொல்லிக் காட்டியபோது ஒரு பெண், "அவன் கார்ல சாணிய கரைச்சு ஊத்தணும்" என்று கத்தினாள். இருமலுக்கு இருமல் கைதட்டல். மூன்றாவது காட்சியில் மன்னிப்பு அறிக்கை வந்தது. "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் அதற்காக வருந்துகிறேன் என்று போடு," என்பான் தோழன். "புண்பட்டிருந்தா என்ன சார் இருந்தா? இடிச்சிட்டு, வலிச்சிருந்தா சொல்லுன்னு கேக்கற மாதிரி இருக்கு," என்பாள் அவள். நான் எழுதியதில் எனக்கே பிடித்த இடம் அது.

கடைசிக் காட்சி. எழுதியிருந்தபடி அவள் கதவருகே வந்து, "அண்ணே, அறிக்கை ரெடிண்ணே. கையெழுத்து மட்டும் போட்டுடுங்கண்ணே" என்று சொல்ல வேண்டும். நான் இருமுவேன். இரண்டு பி.ஆர்.ஓ.க்களும் தரையில் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக்கொள்வார்கள். விளக்கு அணையும்.

அவள் வந்தாள். பேனாவால் இரண்டு தட்டு. இடைவெளியில் அவள் கன்னம் தெரிந்தது. வசனத்தைச் சொல்லவில்லை. கையிலிருந்த காகிதத்தை நான்காகக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

"இனிமே நான் எழுதித் தரமாட்டேன்," என்றாள். "அவங்க யாரு, எந்த ஊருன்னு உங்களுக்குத் தெரியும். தெரியலைன்னு சொல்லாதீங்க. வெளிய வாங்க. எல்லாரும் இங்கதான் உக்காந்திருக்காங்க. நீங்களே வந்து, உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் நிக்கறேன்."

கூட்டம் கப்பென்று அடங்கிவிட்டது. தோழனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. தாழ்ப்பாளில் கைவைத்தேன். பழைய இரும்பு, வெயில் இறங்கியும் சூடாக இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தாள். அவள் மூச்சு கேட்டது.

நான் இருமினேன்.

அந்தச் சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. ஊரே உருண்டது. விசில் பறந்தது. அப்பாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. விளக்கு அணைந்தது.

அணைந்த விளக்கை உடனே போட்டுவிட்டார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. அண்ணனைப் பார்க்காமல் போவதாக இல்லை அந்த ஊர். ஊராட்சித் தலைவர் பொன்னாடையோடு மேடையேறி நேராகக் கதவருகே வந்தார். "தம்பி, யாரா இருந்தாலும் பரவால்ல, வெளிய வாங்க. உங்களைக் கவுரவிக்கணும்," என்று மைக்கில் சொல்லிக் கதவைத் தட்டினார்.

தாழ்ப்பாளைத் திறந்தேன். யோசிக்கக்கூட இல்லை. அசட்டுச் சிரிப்போடு வெளியே வந்து, பொன்னாடைக்குக் கழுத்தைக் குனிந்து கொடுத்தேன். நிமிர்ந்தபோது அவள் இரண்டடி தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாப்பா தொறக்குதே," என்றாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவள் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டபோது அப்பா என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் முழுக்க ஒரு செய்தி எழுதினேன். அழித்து அழித்து எழுதிக் கடைசியில் செல்போனில் அனுப்பியது இது: 'நேற்று நடந்ததில் உங்கள் மனம் புண்பட்டிருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள்.' பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'இது மூணாவது காட்சி வசனம்.' அவ்வளவுதான். அவள் அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, ஒரு விவசாயியிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசினாள். மூன்றாவது தடவை போவதற்குள் பரீட்சை எழுதிச் சென்னையில் பெரிய வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அவள்தான் காரணம் என்று சொன்னால் பொய். பார்த்த இடங்களில் எல்லாம் நான் பேசாமல் இருந்தேன், அவர்களாகவே விட்டுவிட்டார்கள். வெகுநாள் கழித்து ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பாவிடம் சொன்னேன். அந்தப் பெண் யார், எந்தத் தெரு, யார் மகள், எல்லாவற்றையும். அப்பா சாதத்தைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா," என்றார். அன்றைக்குச் சொல்லியிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்கிற ஒரே வழியை நான்தான் இருமிக் கெடுத்துக்கொண்டேன்.

போன மாதம் தோழன் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். சென்னையில் ஒரு மாடி அரங்கம், ஞாயிறு மாலை நான்கு மணி, எங்கள் நாடகம். இயக்கம், நடிப்பு என்று அவள் பெயர். தோழனிடம் கேட்டுக்கொண்டுதான் போடுகிறாளாம். 'என்கிட்ட ஏன் கேக்கலை?' என்று கேட்டேன். 'நீ இருமியிருப்பேன்னு நெனச்சிருப்பாங்க' என்று பதில் அனுப்பினான். விடிகாலை ரயிலைப் பிடித்தேன். விழுப்புரம் வரைக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அறுபது பேர் உட்காரக்கூடிய அரங்கம். ஏழாவது வரிசையில் உட்கார்ந்தேன். மேடையின் பின்சுவரில் இருந்த ஒரு சிறு அறையின் கதவுதான் நாடகக் கதவு; பிளைவுட், நீல பெயின்ட். அவளுக்கு முன்நெற்றியில் நரை. குரல் அப்படியே இருந்தது. அவள் நடிப்பதை முதல்முறையாக முழுதாகப் பார்த்தேன். இடைவெளி வழியாக இல்லாமல். இவளோடு வாழ்ந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே அறுபது பேரோடு சேர்ந்து சிரித்தேன்.

கடைசிக் காட்சியை மாற்றியிருந்தாள். அண்ணன் இருமுகிறார். பெண் பி.ஆர்.ஓ. காகிதத்தைக் கிழிக்கவில்லை, கத்தவில்லை. கோப்பைக் கைப்பையில் வைக்கிறாள். செருப்பை மாட்டுகிறாள். போகிற போக்கில் கதவருகே நிற்கிறாள். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் கதவுக்கு வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அதை நிதானமாகப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். மேடையில் கதவு மட்டும். சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து தட்டுகிறார்கள். மெதுவாக, பிறகு பலமாக. "யாராவது தொறங்கப்பா" என்று அண்ணனின் முதல் வசனம். விளக்கு அணைந்தது. அரங்கம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாடிப்படியின் தலைப்பில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றுவிட்டாள். பிறகு சிரித்தாள், வாயை மூடாமல்.

"வாங்க! எப்ப வந்தீங்க? அப்பா அம்மா சௌக்கியமா?"

"இருக்காங்க."

"எங்க ஆளுங்க யாருக்கும் அந்த இருமல் சரியா வரமாட்டேங்குதுங்க. உங்க அளவுக்கு யாருக்கும் வராது," என்றாள். அவள் குரலில் கேலிதான் இருந்தது, விஷம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. படியில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"நம்ம ஊர்தான், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இன்னார் மகள்னு அன்னிக்கு எங்கப்பாகிட்ட நான் சொல்லியிருக்கணும்," என்றேன். ரயிலில் சொல்லிப் பார்த்த வாக்கியம். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. கோபமும் வரவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "சொல்லியிருக்கணும்."

அப்போது அரங்கத்துக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. ஒரு கனத்த ஆண்குரல், "அம்மா, நாடகம் முடிஞ்சிடுச்சும்மா!" என்று கூப்பிட்டது. அண்ணனாக நடித்தவர். அவரைக் கடைசியில் வணக்கம் சொல்லக்கூட வெளியே கூட்டி வரவில்லை.

"ஐயோ, அவரை மறந்தே போயிட்டேன்," என்று அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இருங்க, தொறந்துவிட்டுட்டு வந்துடறேன்." புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். படியில் நின்றிருந்த எனக்குத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.